தேயிலைக் கொழுந்தும் தையல் ஊசியும்

தேநீர் அருந்தாத ஊர் இன்று நம் நாட்டில் இல்லை. விடியற்காலையில் தறிக்குழியில் இறங்கு முன்னர் நெசவாளரும், வயலுக்குப் புறப்படு முன்னர் உழவரும் நாடுவது ஒரு குவளைத் தேநீரையே. விழுப்புரம் ரயில் சந்திப்பிலும் திண்டிவனம் பேருந்து நிலையத்திலும் நள்ளிரவிலும் அடுப்பு அணைவதில்லை. இத்துணைப் பழக்கமான பொருளைத் துணியில் தைக்க முற்படும்போது மட்டும், அதனை ஒருநாளும் கண்டறியாதவர்கள் போல் நாம் ஆகிவிடுகிறோம். இது ஏன் என்பதையும், இதனால் நம் அங்கத்தினர்க்கு ஏற்படும் நஷ்டம் யாது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தணிக்கையின் பொருட்டு இவ்விரு வட்டாரங்களிலும் உள்ள சங்கங்களுக்கு நாம் செல்லும்போது, சில இடங்களில் நெசவாளர் குடும்பத்துப் பெண்கள் இயந்திரப் பூவேலை பயின்று வருவதைக் காண்கிறோம். கைத்தறித் துண்டுகளிலும், தட்டில் விரிக்கும் துணிகளிலும், தேநீர்க் கெண்டிக்குப் போர்த்தும் உறைகளிலும் தேநீர் சம்பந்தமான சித்திரங்களைத் தைக்கின்றனர். மலைவாசஸ்தலங்களுக்குச் செல்வோர் இவற்றை விரும்பி வாங்குவர் என்பது அவர்கள் எண்ணம். எண்ணம் நல்லதே. ஆனால் தைத்திருப்பவை யாவை? ரோஜாப்பூ வரைந்த சீமைக் கோப்பை, வளைந்த மூக்குள்ள பீங்கான் கெண்டி, அதனருகில் ஒரு துண்டுக் கேக். இவை கணினிக்கென வெளியிலிருந்து விலைக்கு வாங்கிய சித்திரங்கள். அதே சித்திரத்தை வேறு ஆயிரம் பேரும் வாங்கித் தைக்கிறார்கள். எங்கும் கிடைக்கும் சரக்குக்கு நல்ல விலை எவ்வாறு கிடைக்கும்?

தைக்கு முன் பொருளை அறிதல் வேண்டும். ஆகவே முதலில் தேயிலையின் கதையைச் சுருக்கமாகக் காண்போம்.

தேயிலை வந்த வழி

தேயிலைச் செடியின் தாயகம் தென்மேற்குச் சீனமும் அதனை அடுத்த மலைநாடுகளுமாகும். சென்னுங் என்ற பழம்பெரும் அரசர், கொதிக்கும் நீரில் இலை ஒன்று விழக் கண்டு அந்நீரைப் பருகினார் என்பது சீனர் வழங்கும் கதை. கதை ஒருபுறமிருக்க, கண்கூடான சான்றும் உண்டு. கி.மு. 141இல் மறைந்த ஜிங் என்னும் ஹான் மரபுப் பேரரசரின் கல்லறையில் புதைத்து வைத்திருந்த பொருள்களுள் தேயிலையும் இருந்ததென 2016இல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தனர். கி.பி. 8ஆம் நூற்றாண்டில் லூ யூ என்பவர் தேயிலைக்கென்றே ஒரு நூல் இயற்றினார். 1191இல் சீனத்திலிருந்து திரும்பிய ஐசாய் என்னும் பௌத்தத் துறவி, தேயிலை விதைகளை ஜப்பானுக்குக் கொண்டு சென்றதாகக் கூறுவர்.

பெயரின் வரலாறும் சுவையானது. சீனத்தின் ஃபூஜியன் கடற்கரைப் பேச்சில் இதற்கு 'தே' என்று பெயர். பிற பகுதிகளில் 'சா' என்று பெயர். டச்சு வணிகர் கடல் வழியே கொண்டுசென்ற பெயர் 'தே'. தரைவழியாகப் பாரசீகம் முதலிய நாடுகளுக்குச் சென்ற பெயர் 'சா'. நமது 'தேயிலை'யில் முன்னதும், 'சாயா'வில் பின்னதும் இன்றும் நிற்கின்றன. ஒரு குவளையில் இரண்டு வாணிகப் பாதைகளும் சந்திக்கின்றன எனலாம்.

1610 அளவில் டச்சுக்காரர் தேயிலையை ஐரோப்பாவுக்குக் கொண்டு சேர்த்தனர். ஆங்கிலேயர் அதில் மோகம் கொண்ட பின்னர், அது அரசியலையும் ஆட்டி வைத்தது. 1773 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில், வரியை எதிர்த்த குடிமக்கள் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினர்.

நம் நாட்டில், அஸ்ஸாமின் சிங்போ மக்கள் காட்டுத் தேயிலையை முன்னரே அறிந்து பயன்படுத்தி வந்தனர். ராபர்ட் புரூஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1823இல் அதனை அவர்கள் வாயிலாகவே அறிந்துகொண்டார். சீன வாணிகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்த தனி உரிமை 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கவே, 1834இல் தேயிலைக் குழு ஒன்று நிறுவப்பட்டது. 1839 ஜனவரியில் அஸ்ஸாம் தேயிலை 8 பெட்டிகள் லண்டனில் ஏலத்துக்கு வந்தன.

மலையில் விளைந்தது; சமவெளியில் பரவியது

நீலகிரியில் 1832இல் டாக்டர் கிறிஸ்டி என்பவர் தேயிலை பயிரிடும் முயற்சியைத் தொடங்கினார். 1835இல் கேத்தியிலிருந்த அரசாங்கப் பரிசோதனைப் பண்ணைக்குச் செடிகள் வந்தன. பண்ணை விரைவில் மூடப்பட்டது. செடிகளும் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றைக் கண்டு பேணி வளர்த்தவர் புதுச்சேரியிலிருந்து வந்த பெரோத்தே என்னும் பிரெஞ்சுத் தாவர அறிஞர். நம் வட்டாரத்துக்கு அண்டையிலுள்ள புதுச்சேரிக்கு நீலகிரித் தேயிலையின் வரலாற்றில் இப்படி ஒரு பங்கு உண்டென்பதை நம்மில் பலர் அறியார்.

இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867இல் லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பின்னர் இலைத்துரு நோய் காப்பிச் செடிகளை அழிக்கவே, தேயிலை அங்கே பெருகியது. அத்தோட்டங்களை உண்டாக்கியது தமிழ் மக்களின் உழைப்பு. கங்காணிகள் அழைத்துச் சென்ற நம் மக்கள் கடனிலும் குளிரிலும் வாடிக் கொழுந்து பறித்தனர். 1964 அக்டோபரில் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகு, தாயகம் திரும்பிய பல குடும்பங்களுக்கு வேலையளிக்கும் பொருட்டே, 1968இல் நமது மாநில அரசு நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே இன்று 'டான்டீ' என வழங்கும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் தொடக்கம்.

விளைந்த தேயிலையில் பெரும்பகுதி முதலில் கப்பலேறியது. நம் மக்கள் அதனைக் குடிக்கப் பழகியது பிற்காலத்தில்தான். 1903இல் தேயிலை மீது தீர்வை விதித்து, அந்தப் பணத்தைக் கொண்டு விளம்பரம் செய்தனர். 1930களில் ஊர் ஊராக வண்டிகளில் சென்று, நீர் கொதிக்க வைப்பது முதல் பால் சேர்ப்பது வரை செய்து காட்டி, இலவசமாகவும் குடிக்கக் கொடுத்தனர். தமிழ் நாட்டில் காப்பி வசதியுள்ளோர் வீடுகளில் முன்னரே இடம் பிடித்துக்கொண்டது. தேநீரோ உழைப்பாளியின் பானமாயிற்று. 1930இல் அஸ்ஸாமில் மெக்கர்ச்சர் என்பவர் அமைத்த இயந்திரம், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்கியது. 'சி.டி.சி.' எனப்படும் இந்தத் தூள், சிறிதளவிலேயே மிகுந்த நிறமும் வலுவும் தருவதால், தேநீர் ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைக்கலாயிற்று.

தேநீர்க் கடையின் மற்றொரு முகத்தையும் மறைத்தல் முறையாகாது. சிற்றூர்க் கடைகள் சிலவற்றில் தாழ்த்தப்பட்டோர்க்கெனத் தனிக் குவளை வைக்கும் இழிந்த வழக்கம் இருந்தது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. வரிசையாக நிற்கும் ஒரே மாதிரியான கண்ணாடிக் குவளைகள் என்பது சாதாரணச் சித்திரமன்று. அதற்குப் பின்னால் ஒரு நீண்ட போராட்டம் இருக்கிறது.

தோட்டத்துக் கூட்டுறவு காட்டும் பாடம்

நமது மண்ணில் தேயிலை விளையாது. அதற்குப் புளிப்புத் தன்மையுள்ள மண்ணும், ஆண்டு முழுவதும் பரவலான மழையும், நீர் தேங்காத சரிவும் வேண்டும். நமக்குரியவை நிலக்கடலையும் கரும்பும் நெல்லுமே. ஆயினும் நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு.

பச்சைக் கொழுந்து பறித்த அன்றே ஆலைக்குச் சென்றாக வேண்டும். வைத்திருந்து விற்க இயலாது. ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரை கிலோ கொழுந்து தேவை. ஆலை பிறருடையதாயின், அவர் சொன்னதே விலை. இந்நிலையை மாற்றும் பொருட்டுச் சிறு விவசாயிகள் ஒன்றுகூடித் தமக்கென ஆலை அமைத்தனர். குந்தா கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை 1962இல் தோன்றியது. இத்தகைய ஆலைகளின் இணையமான 'இன்கோசர்வ்' 1965இல் ஏற்பட்டது. பின்னர் 16 ஆலைகளும் ஏறத்தாழ 30,000 சிறு விவசாயிகளும் அதன் குடையின்கீழ் வந்தனர். ஆலை சொந்தமானதால் விலைத் தொல்லை அடியோடு தீர்ந்துவிட்டதென்று நாம் கூறவில்லை. சந்தை விலை சரியும்போது கூட்டுறவு ஆலையும் தள்ளாடத்தான் செய்கிறது. ஆனால் கணக்கைத் திறந்து பார்க்கும் உரிமை அங்கத்தினருக்கு உண்டாயிற்று. இது சிறிய காரியமன்று.

பூவேலைக்கும் இது பொருந்தும். பிறர் சித்திரத்தைப் பிறர் துணியில் பிறர் சொன்ன கூலிக்குத் தைப்பவர், பச்சைக் கொழுந்தை மட்டும் விற்கும் விவசாயியைப் போன்றவர். துணியும் சித்திரமும் தையலும் விற்பனையும் சங்கத்தினுடையவை ஆகும்போதுதான் உழைப்பின் பலன் உழைத்தவர் கைக்கு வரும்.

ஊசி இயந்திரமான கதை

பிரான்சின் மூல்ஹவுஸ் நகரத்தில் ஜோஸ்வே ஹைல்மான் என்பவர் 1828இல் பல ஊசிகளைக் கொண்டு ஒரே சித்திரத்தைப் பலமுறை தைக்கும் இயந்திரத்தைச் செய்தார். 1863இல் சுவிட்சர்லாந்தின் ஐசக் குரோப்லி, மேல்நூலும் கீழ்நூலும் கொண்டு, ஓடம் ஓடித் தைக்கும் இயந்திரத்தை அமைத்தார். நெசவாளராகிய நமக்கு இது உவப்பான செய்தி. ஏனெனில் அதிலுள்ள கீழ்நூல் ஓடம் நமது தறி நாடாவின் தம்பி போன்றது. இன்றைய கணினி இயந்திரத்தில் சித்திரம் என்பது, ஊசி எங்கே குத்த வேண்டும், எங்கே தாவ வேண்டும், எப்போது நிறம் மாற வேண்டும் என்ற கட்டளைகளின் தொகுப்பே. இயந்திரம் கட்டளையைப் பிழையின்றி நிறைவேற்றும். கட்டளை பிழையாயின், அப்பிழையையும் பிழையின்றித் தைக்கும்!

எதைத் தைப்பது?

முதலாவது, கொழுந்து. 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்' என்பது தேயிலைத் தோட்டத்தின் இலச்சினை போன்றது. வெளியிலிருந்து வாங்கும் பல சித்திரங்களில் இரண்டு இலைகளும் எதிரெதிரே சமமாக நிற்கின்றன. இது தவறு. காப்பிச் செடியில்தான் இலைகள் எதிரெதிராக அமையும். தேயிலையில் ஒன்று தாழவும் ஒன்று உயரவும் மாறி மாறி அமையும். இலையின் விளிம்பு ரம்பப் பல் போன்றது. பூ வெண்மையானது, நடுவில் மஞ்சள் நிறக் கேசரங்கள் நிறைந்தது. தோட்டத்தில் பிறந்தவர் ஒருவர் இத்துணியை எடுத்துப் பார்த்தால், 'இது தேயிலைதான்' என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நமது கடை. பித்தளை பாய்லர், துணி வடிகட்டி, அடிப்புறத்தில் வரிகள் ஓடும் கண்ணாடிக் குவளை, மேலிருந்து கீழே வளைந்து இறங்கும் தேநீரின் ஒரே வீச்சு. தேநீர் ஆற்றும் அந்த வீச்சைத் தைக்கப் பழுப்பு நிறத்தில் ஒரு வளைகோடு போதும். வாங்கிய சித்திரங்களில் இதனைக் காண முடியாது. வட்டை செட்டுக் காப்பிக்கு உரியது. அதனைத் தேநீர்த் துணியில் தைத்தால் நம் ஊர்ச் சிறுவனும் நகைப்பான்.

மூன்றாவது, பறிக்கும் பெண். தலைக்கயிற்றில் முதுகுக் கூடையைத் தாங்கிய தோற்றம் பலராலும் விரும்பப்படுவது. அதனைத் தைக்கலாம். ஆனால் சிங்காரித்த பொம்மையாக ஆக்கிவிடாமல், குனிந்த முதுகும் விரைந்த விரலும் தெரியுமாறு தைத்தலே அவ்வுழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை.

தைக்கக் கூடாதது ஒன்றும் உண்டு. மலைக் கடைகளில் விலைபோகும் என்றெண்ணித் தோடர் பூவேலையை இயந்திரத்தில் போலி செய்தல் தகாது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, இழைகளை எண்ணிக் கையால் தோடர் பெண்கள் தைக்கும் அவ்வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. நமது சேலையைப் பிறர் விசைத்தறியில் போலி செய்யும்போது நம் மனம் கொதிக்கிறதல்லவா? அதே நியாயம் அவர்களுக்கும் உண்டு.

கைத்தறித் துணியில் கவனிக்க வேண்டியவை

ஆலைத் துணிக்கென அமைத்த சித்திரத்தை அப்படியே கைத்தறித் துண்டில் தைத்தால் துணி சுருங்கிக் குவியும். ஆதலின் பின்வருவனவற்றை அங்கத்தினர் மனத்திற் கொள்க.

துணியை முதலில் நனைத்து உலர்த்தி இஸ்திரி போட வேண்டும். இல்லையேல் முதற் சலவையில் துணி சுருங்கும், தையல் சுருங்காது, சித்திரம் புடைத்துக்கொண்டு நிற்கும்.

சட்டத்தில் துணியைப் பூட்டும்போது பாவும் ஊடையும் நேராக நிற்க வேண்டும். முரசுபோல் விறைப்பாக இழுத்தால், கழற்றிய பின் துணி தன் நிலைக்குத் திரும்பிச் சுருக்கம் காணும். அடியில் தாங்கு தாள் வைக்க மறக்கலாகாது.

சாதாரணமாக வழங்கும் 40 எண் பூவேலை நூலுக்கு, தையல் வரிகளின் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர். தளர்ந்த நெசவுள்ள துண்டில் இவ்விடைவெளியைச் சற்று அதிகமாக்குதல் நலம். பெரிய இலையை முழுவதும் நிரப்பாமல், விளிம்பும் நரம்பும் மட்டும் தைத்தால் துணியின் நெசவே இலையின் உடலாகத் தெரியும். ஊசிக் குத்துகளும் குறையும்; துண்டும் துடைக்க உதவும்.

துணியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பட்டைத் தையலின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பாபின் நூல் தெரிந்தால் இழுவிசை சரி. கறைபட்டுக் கொதிநீரில் வெளுக்கப்படும் துணிகளுக்கு ரேயான் நூலைவிடப் பாலியெஸ்டர் நூல் உழைக்கும்.

கூலிக் கணக்கு

அங்கத்தினர் பெரும்பாலும் ஏமாறும் இடம் இதுவே. ஓர் உதாரணம் காண்போம். ஒரு சித்திரத்தில் 12,000 தையல்கள் என்று கொள்வோம். இயந்திரம் நிமிடத்துக்கு 600 தையல் ஓடுமாயின் 20 நிமிடங்களில் வேலை முடியும். 8 மணி நேரத்தில் 24 துணிகள் என வியாபாரி கணக்கிடுவார். ஆனால் துணியைச் சட்டத்தில் பூட்ட, நிறம் மாற்ற, அறுந்த நூலைக் கோக்க, தாவு நூல்களைக் கத்தரிக்க, அடித்தாளைக் கிழித்தெடுக்க இன்னும் 10 நிமிடங்கள் ஆகின்றன. ஆக 30 நிமிடங்கள். நாளைக்கு 16 துணிகளே. 24க்கும் 16க்கும் உள்ள வித்தியாசமான 8 துணிகளின் கூலி யார் தலையில் விழுகிறது? தைக்கும் பெண்ணின் தலையில்தான்.

ஆதலின் கூலியைத் தையல் எண்ணிக்கையால் மட்டும் நிர்ணயிக்கலாகாது. கை வேலையின் நேரம், நூல், தாள், மின்சாரம், இயந்திரத் தேய்மானம், கழிவாகும் துணி ஆகிய அனைத்தும் ஏட்டில் ஏற வேண்டும். ஒவ்வொரு சித்திரத்துக்கும் தனிப்பக்கம் வைத்து, முதல் 10 துணிகளுக்குக் கடிகாரம் பார்த்து நேரத்தை எழுதி, அதன் சராசரியைக் கொண்டு நிர்வாகக் குழு கூலியை முடிவு செய்தல் நன்று.

முத்திரையும் உரிமையும்

கைத்தறிச் சங்கம் இயந்திரப் பூவேலையில் இறங்கலாமா என்று மூத்த நெசவாளர் சிலர் வினவுகின்றனர். நியாயமான கேள்வி. நமது விடை: இறங்கலாம், ஆனால் அதனைச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். 2006இல் அறிமுகமான கைத்தறி முத்திரை நெசவுக்குச் சான்று. பூவேலைக்குச் சான்று அன்று. 'துணி கைத்தறி, பூவேலை இயந்திரம்' என்று சீட்டில் தெளிவாக அச்சிட்டு இணைக்க வேண்டும். இயந்திர வேலையைக் கை வேலையென்று ஒருமுறை விற்றுவிட்டால், அதற்குப் பின் நம்முடைய உண்மையான கைத்தறியையும் யாரும் நம்பமாட்டார்கள்.

சித்திரத்தின் உரிமையிலும் விழிப்பு வேண்டும். விலைக்கு வாங்கிய சித்திரங்கள் சில, சொந்த உபயோகத்துக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. நிபந்தனையைப் படிக்காமல் விற்பனைக்குத் தைத்தல் கூடாது. சங்கமே வரைந்த புதுச் சித்திரத்தை 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்து கொள்ளலாம். பாதுகாப்பு முதலில் 10 ஆண்டுகள். மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். ஆனால் வெளியில் காட்டுவதற்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். பதிவுக்குரிய வடிவத்தைப் பதிவு செய்யாமல் இயந்திர முறையில் 50க்கு மேற்பட்ட பிரதிகள் செய்துவிட்டால், பதிப்புரிமைச் சட்டம் தரும் பாதுகாப்பும் நீங்கிவிடும். 51ஆவது துணியை மடித்து வைப்பதற்கு முன் செயலாளர் இதனை நினைவிற் கொள்ளக் கடவர்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு சங்கமும் இவ்வாண்டில் ஒரே ஒரு சித்திரத்தையேனும் தானே வரைந்து முயலலாம். நன்றாகக் கோலம் போடும் பெண் ஒருத்தி இல்லாத தெரு நம் ஊர்களில் இல்லை. புள்ளி வைத்து இழை பிசகாமல் கோடு இழுக்கத் தெரிந்த அவள் கைக்குக் கொழுந்தும் குவளையும் வரைவது அரிதன்று. அவள் வரைந்ததைக் கணினிக் கட்டளையாக மாற்றச் செலவாகும் தொகையைச் சங்கம் ஏற்கட்டும். சித்திரத்துக்குரிய ஊதியத்தை அவள் பெயரில் பற்று எழுதட்டும். சித்திரம் சங்கத்தின் சொத்தாகப் பதிவாகட்டும். முதலில் 20 துணிகள் மட்டும் தைத்து, ஒருமுறை துவைத்துப் பார்த்து, பிறகு விற்பனைக்கு அனுப்புக. விற்ற கணக்கும் விற்காத கணக்கும் அடுத்த பொதுக் குழுவில் அங்கத்தினர் முன் வைக்கப்படுவதாக.